டிஎஃப் 104 ஜிபி என்கிறது, டியூ 31 ஜிபி என்கிறது. நடுவில் இருக்கும் 73 ஜிபி எங்கே?

மைத்துளி
செவ்வாய், காலை 6.50

வணக்கம். சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் டிசைன் செக்ஷனைப் பார்த்துக்கிறேன். இங்கே இருக்கிற உபுண்டு 22.04 (லினக்ஸ்) சர்வரும் என் பொறுப்புதான். அதை அமைச்சுக் கொடுத்தவர் வேற ஊருக்குப் போயிட்டார். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவர் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துட்டுப் போன கட்டளைகளும், அப்பப்போ தேடிப் படிச்சதும்தான். போனிலிருந்து அடிக்கிறேன், தமிழ் கீபோர்டுதான் கைக்கு வேகமா வரும். அதனால கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கேன், பொறுத்துக்கோங்க.

ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் போட்டதிலேர்ந்து காலண்டர் ஆர்டர் நிற்காம வருது. தீபாவளியும் முடிஞ்சாச்சு, டிசம்பருக்குள்ள எல்லாம் லாரி ஏறணும். இந்த நேரத்தில், ஞாயித்துக்கிழமை ராத்திரியிலேர்ந்து பிளேட்டுக்குப் போற பிடிஎஃப் எல்லாம் பாதியிலேயே அறுந்து வருது. ரெண்டு பிளேட் வீணாச்சு. சர்வருக்குள்ள போய் ஒரு ஃபோல்டர் பேரை டேப் அடிச்சு முடிக்கப் பார்த்தால்கூட, தற்காலிக ஃபைல் உருவாக்க இடமில்லைன்னு செய்தி வருது.

பெட்டியில் ரெண்டு டிஸ்க். 120 ஜிபி எஸ்எஸ்டியில் சிஸ்டம். 2 டிபி ஹார்ட் டிஸ்க் /வொர்க் என்கிற இடத்தில் மவுண்ட் ஆகியிருக்கு, அதாவது அந்த ஃபோல்டர் வழியாத்தான் டிஸ்க்குக்குள்ள போகணும். டிசைனர்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து சாம்பா (விண்டோஸுக்கு ஃபோல்டரைப் பகிர்ந்து காட்டுற நிரல்) வழியா அதில்தான் சேவ் பண்ணுவாங்க. அதில் இடம் தாராளமா இருக்கு. நிரம்பினது சின்ன டிஸ்க்.

டிஸ்க்கில் எவ்வளவு போச்சு, எவ்வளவு மீதின்னு சொல்ற டிஎஃப் -எச் / போட்டால்:
அளவு 109ஜி, பயன்பாடு 104ஜி, மீதி 0, 100%

ஃபைல்களோட அளவைக் கூட்டிச் சொல்ற டியூவை நிர்வாகி அதிகாரத்தோட (அதுதான் சூடோ), சூடோ டியூ -எஸ்எச்எக்ஸ் / னு போட்டால்:
31ஜி

ராத்திரியே ஒரு காரியம் பண்ணேன். வர்ற பிடிஎஃப்களைப் பார்த்துக்கிட்டே இருந்து கோஸ்ட்ஸ்கிரிப்டுக்கு (பிடிஎஃப்பைப் படிச்சு மாத்துற நிரல்) அனுப்புற ஹாட் ஃபோல்டர் ஸ்கிரிப்ட் ஒண்ணு எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும். அதோட லாக் ஃபைல் (நடந்ததை எல்லாம் எழுதி வைக்கிறது) 38 ஜிபிக்கு வளர்ந்திருந்தது. ஆர்எம் போட்டு அழிச்சேன். எல்எஸ் போட்டுப் பார்த்தால் ஃபைல் இல்லை. ஆனால் டிஎஃப்பில் ஒரு ஜிபிகூடக் குறையலை.

எனக்கு ரெண்டு கேள்வி. 109இல் 104 போனால் 5 மிஞ்சணும், மீதி 0னு ஏன் காட்டுது? ரெண்டாவது, டிஎஃப் சொல்றதுக்கும் டியூ சொல்றதுக்கும் நடுவில் 73 ஜிபி இருக்கே, அது எங்கே போச்சு? அண்ணாச்சி புது டிஸ்க் வாங்கி எல்லாத்தையும் முதல்லேர்ந்து போட்டுடலாம்னு சொல்றார். சீசன் நேரத்தில் ரெண்டு நாள் சர்வர் நின்னா எங்களால தாங்க முடியாது. டிஸ்க் கெட்டுப்போச்சா, இல்லை நான் ஏதாவது தப்பாப் பார்க்கிறேனா?


ஓலைப்பெட்டி
செவ்வாய், காலை 7.35

வணக்கம் சகோதரி. புது டிஸ்க் வேண்டாம். நீங்கள் தப்பாகவும் பார்க்கவில்லை. இரண்டு கட்டளையும் உண்மையைத்தான் சொல்கின்றன. இரண்டிடமும் நீங்கள் கேட்டது வேறு வேறு கேள்வி.

உங்கள் காகிதக் குடோனை நினைத்துக்கொள்ளுங்கள். டிஎஃப் ஸ்டாக் நோட்டைப் பார்த்துச் சொல்கிறது. இத்தனை பிளாக் (டிஸ்க் இடத்தின் சிறு துண்டு) கொடுத்தாகிவிட்டது, இத்தனை பாக்கி என்று ஃபைல் சிஸ்டம் தானே எழுதி வைத்திருக்கும் கணக்கு அது. அதனால்தான் எவ்வளவு பெரிய டிஸ்க்கானாலும் கண் சிமிட்டும் நேரத்தில் பதில் வருகிறது. டியூ குடோனுக்குள் நடந்து போய் ஒவ்வொரு ரீமாகத் தொட்டு எண்ணுகிறது. ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்து, உள்ளே பெயரோடு இருக்கும் ஒவ்வொரு ஃபைலும் எத்தனை பிளாக் பிடித்திருக்கிறது என்று கேட்டுக் கூட்டுகிறது. அதனால் அதற்கு நேரம் ஆகும். முக்கியமாக, பெயர் இல்லாததை அதனால் எண்ண முடியாது. நடந்து போக வழியில்லாத இடத்தில் கிடப்பதையும் எண்ண முடியாது. உங்கள் 73 ஜிபி இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும், அல்லது இரண்டுமாக இருக்கும். (1971 நவம்பரில் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே டிஎஃப், டியூ இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. முதல் நாளிலிருந்தே இவை இரண்டு வேலைகள்.)

முதலில் அந்த 5 ஜிபி. உங்கள் டிஸ்க்கில் இருப்பது ஈஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டமாக இருக்கும். அது உருவாகும்போதே மொத்தத்தில் 5% இடத்தை ரூட்டுக்கு (நிர்வாகிக்கு) என்று ஒதுக்கிவிடும். சாதாரண யூசருக்கு அந்த இடம் கிடைக்காது, அதனால் மீதி 0. அந்த ஒதுக்கீடு இருப்பதால்தான் டிஸ்க் நிரம்பிய பிறகும் நீங்கள் சூடோ போட்டு வேலை பார்க்க முடிகிறது. சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கில் அதைக் குறைக்காதீர்கள். உங்கள் 2 டிபி டிஸ்க் வேறு கதை. அதிலும் 5% ஒதுக்கியிருந்தால் 93 ஜிபி சும்மா கிடக்கிறது. வெறும் டிசைன் ஃபைல்கள் மட்டும் இருக்கும் டிஸ்க்குக்கு ட்யூன்2எஃப்எஸ் -எம் 1 போட்டு 1% ஆக்கிக்கொள்ளலாம். சீசன் முடிந்து நிதானமாகச் செய்யுங்கள்.

120 என்று வாங்கியது 109 என்று காட்டுவதையும் சொல்லிவிடுகிறேன், அடுத்து அதைத்தான் அண்ணாச்சி கேட்பார். கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், டிஎஃப் -எச் 1024ஆக எண்ணுகிறது. 120 அங்கேயே 111.8 ஆகிவிடும். மீதியைத் துவக்கப் பகுதியும், ஃபைல் சிஸ்டம் தன் கணக்கு எழுத வைத்துக்கொள்ளும் இடமும் எடுத்துக்கொண்டன.

இப்போது லாக் ஃபைல். ஆர்எம் ஃபைலை அழிப்பதில்லை. ஃபோல்டரில் இருக்கும் பெயரை மட்டும் அழிக்கிறது. கடைசிப் பெயரும் போய், அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் கடைசி நிரலும் அதை மூடினால்தான் பிளாக்குகள் விடுதலையாகும். உங்கள் ஸ்கிரிப்ட் இன்னும் ஓடுகிறது, அந்த லாகை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெயர் இல்லாததால் டியூ எண்ணவில்லை. இடம் போனது போனதுதான் என்பதால் டிஎஃப் எண்ணுகிறது. இதைப் போட்டுப் பாருங்கள்:

சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1

(எல் பெரிய எழுத்து, பிறகு எண் ஒன்று. நான் சொல்லாத இடமெல்லாம் சின்ன எழுத்து.) பெயர் இழந்தும் திறந்திருக்கும் ஃபைல்கள் மட்டும் வரும். என்ன வருகிறது என்று இங்கே போடுங்கள். எதையும் அழிக்காதீர்கள்.


கரிசல்காடு
செவ்வாய், காலை 8.10

அக்கா, ஐயா சொன்னதோட டிஎஃப் -ஐ ஒரு தடவை போட்டுப் பாத்துருங்க. ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒண்ணுன்னு டிஸ்க்குல இருக்கிற பதிவு) தீர்ந்தாலும் இதே "இடமில்லை" செய்திதான் வரும். போன வருஷம் எனக்கு அப்படித்தான் ஆச்சு. டிஎஃப் -எச் 40% மீதி இருக்குன்னு காட்டுது, ஆனா ஒரு காலி ஃபைல்கூட உருவாக்க முடியல. ஒரு நாள் முழுக்க அலைஞ்சேன். கடைசியில பாத்தா பிஎச்பி செஷன் ஃபைல் லட்சக்கணக்குல குவிஞ்சு கிடந்துச்சு. ஒவ்வொண்ணும் சில நூறு பைட்தான், ஆனா ஒவ்வொண்ணும் ஒரு ஐநோட் சாப்பிடும். ஈஎக்ஸ்டி4 உருவாக்கும்போதே 16 கேபிக்கு ஒண்ணுன்னு ஐநோட் எண்ணிக்கைய முடிவு பண்ணிரும், பின்னாடி அதை மட்டும் தனியா ஏத்த முடியாது. உங்க டிஸ்க்குல சுமார் 72 லட்சம் இருக்கும்.

அப்படி இருந்தா எந்த ஃபோல்டர்னு கண்டுபிடிக்க டியூ --ஐநோட்ஸ் -எக்ஸ் -டி 1 / போடலாம். அழிக்க ஆர்எம்ல நட்சத்திரக்குறி போட்டா பட்டியல் ரொம்ப நீளம்னு மறுத்துரும், ஃபைண்ட்ல -டெலீட் போடுங்க.


நூல்கண்டு
செவ்வாய், காலை 8.22

ரீஸ்டார்ட் பண்ணுங்க மேடம். திறந்திருக்கும் ஃபைல் எல்லாம் மூடிடும், 38 ஜிபி தானா வந்துடும். அஞ்சு நிமிஷ வேலை.


மைத்துளி
செவ்வாய், காலை 9.05

எல்லாருக்கும் நன்றி. ஐயா, நீங்க சொன்னது அப்படியே இருக்கு. எல்எஸ்ஓஎஃப்பில் ஸ்கிரிப்ட் ஓட்டுற பேஷ், பிஐடி (ஓடுற நிரலோட எண்) 4127, எஃப்டி (அது திறந்திருக்கிற ஃபைலோட எண்) இடத்தில் 1, அளவு 40817352704, கடைசியில் 'அழிக்கப்பட்டது'ன்னு இருக்கு. அதே ஃபைலை ஸ்லீப்னு இன்னொரு நிரலும் பிடிச்சிருக்கிறதா வருது. அந்த எண்ணை 1024ஆல மூணு தடவை வகுத்துப் பார்த்தேன், 38 ஜிபி. ரெண்டு நாளா தேடினது ஒரே வரியில் வந்து நின்னப்போ எனக்குக் கை நடுங்கிப்போச்சு.

தம்பி, ஐநோட் 7%தான். அது இல்லை. ஆனால் அப்படி ஒரு வழி இருக்கிறதே எனக்குத் தெரியாது, நோட்டில் எழுதிக்கிட்டேன்.

ரீஸ்டார்ட் இப்போ முடியாது சார். சிடிபி மெஷின் (கம்ப்யூட்டர் ஃபைலிலிருந்து நேரா பிளேட் போடுறது) இந்தச் சர்வரிலிருந்துதான் ஃபைல் எடுக்குது. 16 பிளேட் வரிசையில் நிக்குது, ஆளுங்க மெஷின் பக்கத்தில் காத்துக்கிட்டு இருக்காங்க. ஸ்கிரிப்டை நிறுத்தாமலே அந்த இடத்தை வாங்க வழி இருக்கா? அப்புறம், 73இல் 38 போனால் இன்னும் 35 பாக்கி இருக்கே? எல்எஸ்ஓஎஃப் பட்டியலில் வேற பெரிசா எதுவும் இல்லை.


ஓலைப்பெட்டி
செவ்வாய், காலை 9.30

வழி இருக்கிறது. பெயர் போனாலும், கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) அந்த ஃபைலுக்கு ஒரு வாசல் வைத்திருக்கும்: /ப்ராக்/4127/எஃப்டி/1. எல்எஸ்ஓஎஃப்பில் பார்த்த பிஐடியும் எஃப்டி எண்ணும்தான் அதில் இருக்கின்றன.

முதலில் அந்த வாசல் வழியாக லாகின் கடைசிப் பகுதியைப் படியுங்கள். 38 ஜிபி ஏன் வளர்ந்தது என்று தெரியாமல் காலி செய்தால் திரும்பவும் வளரும்.

டெய்ல் -என் 40 /ப்ராக்/4127/எஃப்டி/1

பிறகு:

சூடோ ட்ரங்கேட் -எஸ் 0 /ப்ராக்/4127/எஃப்டி/1

ஃபைலின் நீளம் பூஜ்யமாகிவிடும், பிளாக்குகள் அந்த நொடியே திரும்பும், ஸ்கிரிப்டுக்கு ஒன்றும் தெரியாது. பேஷும் ஸ்லீப்பும் பிடித்திருப்பது ஒரே ஃபைல், அதனால் ஒரு முறை போட்டால் போதும். எண்ணைத் தப்பாக அடித்தால் வேறு ஃபைல் காலியாகும் என்பதால் அடித்த பின் ஒரு மூச்சு விட்டுப் படித்துப் பார்த்து எண்டரைத் தட்டுங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஸ்கிரிப்ட் ஓட்டும் வரியில் லாகுக்கு முன்னால் இரட்டை அம்பு (>>) இருக்கிறதா, ஒற்றை அம்பா? இரட்டை என்றால் கவலை இல்லை, எப்போதும் ஃபைலின் முடிவில்தான் எழுதும். ஒற்றை என்றால் நிரல் தான் விட்ட இடத்தை, அதாவது 38ஆவது ஜிபியை, நினைவில் வைத்திருக்கும். அடுத்த வரியை அங்கேயே எழுதும், முன்னால் இருப்பது வெறும் ஓட்டையாகிவிடும். அப்போது நீளத்தைக் கேட்டால் 38 ஜிபி என்று வரும், உண்மையில் பிடித்திருக்கும் இடம் சில கேபிதான். இடத்துக்கு ஆபத்தில்லை, பார்ப்பவர்தான் பயந்துபோவார்.

நூல்கண்டு சொன்ன ரீஸ்டார்ட்டும் இந்த 38ஐத் திருப்பித் தரும், அது உண்மைதான். ஆனால் லாகும் சேர்ந்து போய்விடும், காரணம் தெரியாமலே போகும். மீதி 35க்கு ரீஸ்டார்ட் உதவாது என்றும் நினைக்கிறேன்.

அந்த 35க்கு வருகிறேன். ஒரு கேள்வி கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள். அந்த 2 டிபி டிஸ்க் எப்போதாவது மவுண்ட் ஆகாமல் போயிருக்கிறதா? ஒரு நாள், அரை நாள் என்றாலும் சரி. எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று எழுதியிருக்கும் /ஈடிசி/எஃப்ஸ்டேப் ஃபைலில் /வொர்க் வரியில் 'நோஃபெயில்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.


மைத்துளி
செவ்வாய், பகல் 12.15

ட்ரங்கேட் போட்டாச்சு. பயன்பாடு 66ஜி, மீதி 38ஜி, 64%. பிளேட் ஒண்ணுகூட நிக்கலை. இரட்டை அம்புதான் இருந்தது.

லாகைப் படிச்சேன். ஒரே பிடிஎஃப் பேரு திரும்பத் திரும்ப வருது. பென் டிரைவிலிருந்து பாதி மட்டும் காப்பி ஆன ஃபைல், ஹாட் ஃபோல்டருக்குள்ள ஒரு உள் ஃபோல்டரில் நாப்பது நாளாக் கிடந்திருக்கு. ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை ஸ்கிரிப்ட் அதை எடுக்கும், கோஸ்ட்ஸ்கிரிப்ட் சரி பண்ணப் பார்த்து முடியாம நூத்துக்கணக்கான வரி எழுதும், திரும்ப அதையே எடுக்கும். அந்த ஃபைலை நகர்த்தி வச்சுட்டேன். ரெண்டு தடவை தோத்தா 'பழுது' என்கிற தனி ஃபோல்டருக்குத் தள்ளிடுற மாதிரி ஸ்கிரிப்டில் நாலு வரி சேர்க்கணும்.

இப்போ நீங்க கேட்டது. எஃப்ஸ்டேபில் நோஃபெயில் இருக்கு. அதைப் பார்த்ததும், நீங்க கேட்ட கேள்வியைத் திரும்பப் படிச்சதும், எனக்கு ஒரு நாள் ஞாபகம் வந்துச்சு.

புரட்டாசி மாசம் நான் ஒரு கல்யாணத்துக்காக ரெண்டு நாள் கோவில்பட்டி போயிருந்தேன். முதல் நாள் காலையில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, சர்வர் அணைஞ்சு திரும்ப ஆன் ஆகியிருக்கு. சீனியர் டிசைனர் அண்ணன் எனக்குப் போன் பண்ணி, "பழைய ஃபோல்டர் ஒண்ணும் காணோம்மா, காலியா இருக்கு"ன்னார். நான் வந்து பார்க்கிறேன், புது வேலையைப் புது ஃபோல்டர் போட்டு அதில் சேவ் பண்ணுங்கன்னு சொன்னேன். ரெண்டு நாள் அவரும் இன்னொருத்தரும் அப்படியே வேலை பார்த்திருக்காங்க. நான் வந்ததும் சர்வரைத் திறந்து டிஸ்க் கேபிளை அழுத்தி மாட்டி ரீஸ்டார்ட் பண்ணேன். பழைய ஃபோல்டர் எல்லாம் வந்துடுச்சு. ஆனால் அந்த ரெண்டு நாள் வேலை இல்லை.

அண்ணன் "சேவ் பண்ணேன்மா, மறுநாள் திறந்தும் பார்த்தேன்"னு சொன்னார். யாரும் நம்பலை. நானும் நம்பலை. அவர் நாலு ராத்திரி உட்கார்ந்து திரும்பச் செஞ்சார். அரிசிக்கடைக்காரர் ஒருத்தரோட வேலையைத் திரும்பச் செய்யவே முடியலை, அவர் கொடுத்த குடும்பப் போட்டோ எல்லாம் பென் டிரைவிலிருந்து ஏற்கெனவே அழிச்சாச்சு. அந்த ஆர்டர் போயிடுச்சு.

ஐயா, நான் நினைக்கிறது சரியா?


ஓலைப்பெட்டி
செவ்வாய், பகல் 12.40

சரிதான் என்று நினைக்கிறேன். பார்த்துவிடலாம்.

/வொர்க் என்பது டிஸ்க்கின் பெயர் இல்லை. சின்ன டிஸ்க்கில் இருக்கும் ஒரு சாதாரணக் காலி ஃபோல்டர் அது. 2 டிபி டிஸ்க் வந்து அதன் மேல் உட்காருகிறது. உட்கார்ந்த பிறகு கீழே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. புரட்டாசியில் டிஸ்க் வரவில்லை, 'நோஃபெயில்' இருந்ததால் சர்வர் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிட்டது. சாம்பா அந்தக் காலி ஃபோல்டரையே டிசைனர்களுக்குக் காட்டியது. அமைத்தவர் மவுண்ட் செய்வதற்கு முன்பே அந்த ஃபோல்டருக்கு எல்லோரும் எழுதலாம் என்று அனுமதி கொடுத்திருப்பார், அதனால் தடுக்கவும் இல்லை. இரண்டு நாள் வேலை சின்ன டிஸ்க்கில் போய் உட்கார்ந்தது. நீங்கள் கேபிளை மாட்டியதும் பெரிய டிஸ்க் அதன் மேல் வந்து மூடிக்கொண்டது. டியூ நடந்து போக வழியில்லாத இடம் என்று காலையில் சொன்னேனே, அது இதுதான். ஸ்டாக் நோட்டில் மட்டும் கணக்கு இருக்கும்.

டிஸ்க்கைக் கழற்றாமலே கீழே பார்க்கலாம்:

சூடோ மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி
சூடோ டியூ -எஸ்எச் /எம்என்டி/வொர்க்

சின்ன டிஸ்க்கை மட்டும், மேலே உட்கார்ந்தவை இல்லாமல், /எம்என்டி வழியாக இன்னொரு முறை காட்டும். ஓடுகிற வேலை எதையும் இது தொடாது. ஆனால் /எம்என்டிக்குள் அழிப்பது உண்மையாகவே சிஸ்டம் டிஸ்க்கில் அழிப்பது, நகல் என்று நினைத்துவிடாதீர்கள்.


மைத்துளி
செவ்வாய், மாலை 4.20

35ஜி.

உள்ளே ரெண்டு ஃபோல்டர். ரெண்டும் அண்ணன் பேரில், புரட்டாசித் தேதியோட. அவர் எப்படிப் பேர் வைப்பாரோ அப்படியே, கடைப் பேர், ஊர்ப் பேர், 'இறுதி', 'இறுதி2'. 600 டிபிஐ ஸ்கேன்கள், லேயர் பிரிக்காத பெரிய ஃபைல்கள், அரிசிக்கடைக்காரர் வீட்டுப் போட்டோ 212ம் இருக்கு.

அவரைக் கூப்பிட்டு உட்கார வச்சு, ஒவ்வொரு ஃபைலா தேதியும் நேரமும் காட்டினேன். கடைசி ஃபைல் ரெண்டாம் நாள் ராத்திரி 9.47க்கு சேவ் ஆகியிருக்கு. அன்னிக்கு அவர் பத்து மணி பஸ்ஸுக்குப் போனதா சொல்லியிருந்தார். ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கிட்டு இருந்தார். "நான் சொன்னேன்ல"ன்னுகூட அவர் சொல்லலை. நான் மன்னிப்புக் கேட்டேன். அண்ணாச்சிக்கிட்டயும் கூட்டிட்டுப் போய், டிஸ்க் எப்படி மூடிக்கிச்சுன்னு ஒரு காலி அட்டைப்பெட்டி மேல இன்னொரு பெட்டியை வச்சுக் காட்டிப் புரியவச்சேன். அண்ணாச்சியே அரிசிக்கடைக்குப் போன் பண்ணிப் பேசினார். போட்டோவையாவது திருப்பிக் கொடுத்துடுறோம்னு சொன்னதுக்கு, மாதக் காலண்டர் ஐநூறு இன்னும் போட முடியுமான்னு அவர் கேட்டிருக்கார்.

இதெல்லாம் பெரிய டிஸ்க்குக்கு நகர்த்தணும். இனிமே இப்படி நடக்காம இருக்க என்ன பண்ணணும்?


கரிசல்காடு
செவ்வாய், மாலை 4.50

அக்கா, படிக்கும்போதே மனசு நிறைஞ்சிருச்சு.

நடக்காம இருக்க நான் பண்றது இது. டிஸ்க் மவுண்ட் ஆகாத நேரத்துல, கீழ இருக்கிற காலி ஃபோல்டருக்கு சூடோ சிஎச்ஆட்டர் +ஐ /வொர்க் போட்ருங்க. அப்புறம் அதுக்குள்ள ரூட் நெனச்சாலும் எழுத முடியாது. டிஸ்க் மேல வந்து உட்கார்ந்தா வழக்கம்போல எழுதலாம். டிஸ்க் வராத அன்னிக்கு சேவ் பண்ணும்போதே முகத்துக்கு நேரா பிழைச்செய்தி வரும். உங்களுக்கு அதுதான வேணும்.

அடிக்கடி பாக்குறதுக்கு என்சிடியூ போட்டுக்கோங்க. என்சிடியூ -எக்ஸ் / அடிச்சா பெரிசுலேர்ந்து சிறுசா வரிசையா காட்டும், அம்புக்குறியால உள்ள போய்ப் பாக்கலாம். அதைப் போட முடியாத பெட்டின்னா சூடோ டியூ -எக்ஸ்எச் -டி 1 / | சார்ட் -எச் போதும். டியூ -எஸ்எச் போட்டு நட்சத்திரக்குறி வைக்காதீங்க, புள்ளியில ஆரம்பிக்கிற மறைவு ஃபோல்டர் எல்லாம் கணக்குல வராது.


ஓலைப்பெட்டி
செவ்வாய், மாலை 5.30

தம்பி சொன்ன சிஎச்ஆட்டர் நல்ல யோசனை. அதோடு சாம்பாவையும் டிஸ்க்கோடு கட்டிவிடுங்கள். சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் எஸ்எம்பிடி போட்டு (எஸ்எம்பிடி என்பது சாம்பாவின் நிரல்), யூனிட் பகுதியில் ரெக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/வொர்க் என்று ஒரு வரி சேர்த்தால் (யூனிட்டில் யூவும், அந்த வரியில் ஆர், எம், எஃப் மூன்றும் பெரிய எழுத்து), டிஸ்க் வராத நாளில் சாம்பா கிளம்பவே கிளம்பாது. காலையில் ஷேர் திறக்கவில்லை என்று உங்களுக்குப் போன் வரும்.

லாகுக்கு, பழையதை ஒதுக்கிவைக்கும் லாக்ரொட்டேட்டில் ஒரு பதிவு போடுங்கள், காப்பிட்ரங்கேட் (நகல் எடுத்துவிட்டு அதே ஃபைலைக் காலி செய்வது) என்ற சொல்லோடு. உங்கள் ஸ்கிரிப்ட் லாகை மூடித் திறக்காது என்பதால் அந்தச் சொல் இல்லாவிட்டால் மறுபடி இதே கதை. லாக்ரொட்டேட் வழக்கமாக நாளுக்கு ஒரு முறைதான் ஓடும், 50 எம்பிக்கு மேல் போகக்கூடாது என்று எழுதினாலும் இடையில் வளர்ந்தால் தடுக்காது. அதனால் அந்த 'பழுது' ஃபோல்டர் நாலு வரிதான் உண்மையான மருந்து, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக நகர்த்துவது. எம்வி (நேராக நகர்த்தும் கட்டளை) வேண்டாம். ஆர்சிங்க் -ஏ போட்டு முதலில் நகல் எடுங்கள், பெரிய டிஸ்க்கில் புது ஃபோல்டருக்கு. பிறகு ஆர்சிங்க் -ஏவிஎன்சி என்று அதே இரண்டு இடங்களையும் கொடுங்கள். என் என்பது எதையும் எழுதாமல் ஒத்திகை மட்டும், சி என்பது ஒவ்வொரு ஃபைலையும் முழுக்கப் படித்து ஒப்பிடுவது. 35 ஜிபிக்கு நேரம் ஆகும், ஆகட்டும். ஒரு ஃபைல் பெயரும் வராவிட்டால்தான் கீழே இருப்பதை அழிக்கலாம். அழித்ததும் சூடோ யூமவுண்ட் /எம்என்டி.


மைத்துளி
புதன், காலை 7.10

ராத்திரி மெஷின் நின்ன பிறகு அண்ணனும் கூட உட்கார்ந்தார். நகல் எடுத்தோம், ஒப்பிட்டோம். ஒரு ஃபைல் பேரும் வரலை. அழிக்கிற கட்டளையை நான் அடிச்சேன், அவர் ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சார், அப்புறம்தான் எண்டர் தட்டினேன். /எம்என்டியை யூமவுண்ட் பண்ணிட்டு, பெரிய டிஸ்க்கையும் அஞ்சு நிமிஷம் இறக்கி, சிஎச்ஆட்டர் போட்டு, திரும்ப ஏத்தினேன். எஸ்எம்பிடி வரியும் சேர்த்தாச்சு.

டிஎஃப் -எச் /
அளவு 109ஜி, பயன்பாடு 31ஜி, மீதி 73ஜி, 30%

சூடோ டியூ -எஸ்எச்எக்ஸ் /
31ஜி